புழுவெட்டில் போன புருவத்துக்கு முடி நடலாமா?

கேள்வி இதுதான்: வயது 28. மூன்று ஆண்டுகளுக்கு முன் புழுவெட்டு வந்து இரண்டு புருவமும் போய்விட்டன. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில மாதங்களில் முடி வருகிறது, நிறுத்தினால் மறுபடி கொட்டிவிடுகிறது. ஒரு கிளினிக்கில் பின்தலை முடியை எடுத்துப் புருவத்தில் நட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க நிற்கும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நான் தோல் மருத்துவன், முடி நடும் சிகிச்சையும் செய்கிறவன். அந்த சிகிச்சை மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் உங்களுக்கு யாரோ கொடுத்த அந்த "வாழ்நாள் முழுக்க" என்ற உறுதி வேறொரு நோய்க்கு உரியது. அதை எடுத்து உங்கள் நோயின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆண்களுக்கு முன்தலையில் விழும் பரம்பரை வழுக்கையில், பின்தலை முடி மட்டும் கடைசி வரை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டெஸ்டோஸ்டெரோனிலிருந்து உருவாகும் டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனுக்கு முன்தலை மயிர்க்கால்கள் மெல்ல மெல்லச் சுருங்கும். பின்தலை மயிர்க்கால்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நியூயார்க்கின் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில், பின்தலை முடியை வழுக்கையில் நட்டாலும் அது பிறந்த இடத்தின் குணத்தோடேயே வளர்கிறது என்று காட்டினார். இன்றைய முடி நடும் தொழில் முழுக்க அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. பரம்பரை வழுக்கைக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

புழுவெட்டின் கதை வேறு. இதில் எந்தப் புழுவும் இல்லை, பொடுகும் காரணம் இல்லை, நீங்கள் போட்ட ஷாம்பூவும் காரணம் இல்லை. சாதாரணமாக, வளரும் மயிர்க்காலின் அடிக்குமிழைச் சுற்றி ஒரு பாதுகாப்பு உண்டு. உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதைச் சீண்டாமல் விட்டுவிடும். புழுவெட்டில் அந்தப் பாதுகாப்பு குலைந்து, டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் குமிழைச் சூழ்ந்து தாக்குகின்றன. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அடிக்குமிழை மொய்த்துக்கொண்டு இருப்பது தெரியும். இந்தத் தாக்குதலுக்கு ஊர் வித்தியாசம் கிடையாது. பின்தலை முடியும் உங்களுடையது, புருவ முடியும் உங்களுடையது. தாக்குகிற அணுக்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். பின்தலையிலிருந்து வந்தது என்பதற்காக அந்த முடிக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது.

உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஊசி போட்டால் வருகிறது என்றால் மயிர்க்கால்கள் உயிரோடு இருக்கின்றன. புழுவெட்டு தழும்பு விடாத நோய். தாக்கப்படுவது அடிக்குமிழ்தான். அதற்கு மேலே இருக்கும், புது முடியை முளைக்கவைக்கும் மூல அணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும், அதனால் பல ஆண்டுகள் கழித்துக்கூட முடி திரும்பலாம். ஊசியை நிறுத்தினால் கொட்டுகிறது என்றால் நோய் இன்னும் விழித்திருக்கிறது. மாட்டை விரட்டாமல், வேலியும் போடாமல் நாற்று நடுகிற வேலையைத்தான் அந்த கிளினிக் உங்களுக்குச் சொல்கிறது. அதிலும் அந்த வயலில் பழைய பயிரின் வேர் இன்னும் சாகவில்லை.

சரி, புழுவெட்டில் யாருக்குமே புருவம் நட்டது இல்லையா? நட்டிருக்கிறார்கள். 2005-இல் கனடா மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குப் புழுவெட்டால் போன புருவத்தில் முடி நட்டு நன்றாக வந்ததாகப் பதிவு செய்தார்கள். அதற்குப் பின்னும் அங்கங்கே சில பதிவுகள் வந்தன. நட்டபின் நோய் திரும்பி, நட்டதும் கொட்டிய அனுபவமும் மருத்துவர்களிடம் உண்டு. இவை எல்லாமே ஒருவர் இருவரைப் பற்றிய பதிவுகள். நன்றாக வந்ததைத்தான் எழுதி அனுப்பத் தோன்றும், கொட்டிப்போனதை எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் அச்சில் வந்த வெற்றிகளை வைத்து உங்கள் வாய்ப்பைக் கணக்கிட முடியாது.

எங்களில் பெரும்பாலானோர் வைத்திருக்கும் நிபந்தனை என்னவென்றால், குறைந்தது இரண்டு ஆண்டுகள் நோய் அமைதியாக இருக்க வேண்டும், தலையிலோ வேறெங்கோ புதுத் திட்டு எதுவும் வந்திருக்கக் கூடாது. என் கருத்து இன்னும் கறாரானது: அந்த இரண்டு ஆண்டும் மருந்து இல்லாமல் கழிந்திருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்தே இல்லாமல் இரண்டு ஆண்டு நோய் அடங்கியிருந்தால், பலருக்குப் புருவம் தானாகவே திரும்பியிருக்கும். நோய் அடங்கிய பின்னும் முடி திரும்பாத, ஒரு சின்ன இடம் மட்டும் வெறுமையாக நின்றுவிட்ட சிலர்தான் மிச்சம். நடுவது அவர்களுக்குத்தான். அவர்களுக்கும் ஒரே நாளில் இரண்டு புருவத்தையும் நட மாட்டேன். ஒரு ஓரத்தில் இருபது முப்பது முடி மட்டும் நட்டு ஓராண்டு பார்க்க வேண்டும். நின்றால் மேலே போகலாம். போய்விட்டால் இழப்பு அந்த முப்பது முடியோடு முடிந்தது.

எடுக்கும் இடத்தையும் மறக்க வேண்டாம். புருவத்துக்கு மெல்லிய முடி வேண்டும் என்பதால் பிடரியிலும் காதுக்கு மேலேயும்தான் எடுப்போம். புழுவெட்டில் ஒரு வகை சரியாக அந்தப் பட்டையிலேயே, பிடரியிலிருந்து காதைச் சுற்றி வளைந்து வரும். மருந்துக்கு எளிதில் மசியாத வகை அது. அந்த வரலாறு உள்ளவருக்கு எடுக்கவும் இடமில்லை, நடவும் இடமில்லை.

இத்தனையும் உங்களுக்கு இருப்பது புழுவெட்டுதான் என்று வைத்துக்கொண்டு சொன்னது. ஊசிக்கு முடி வந்ததால் பெரும்பாலும் அதுதான். ஆனால் இதைப் படிக்கிற வேறு பலருக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1994-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீவன் கொஸ்ஸார்ட் என்ற மருத்துவர், மாதவிடாய் நின்ற சில பெண்களுக்கு முன்நெற்றி முடி ஒரு பட்டையாகப் பின்வாங்கிக்கொண்டே போவதை முதன்முதலில் விவரித்தார். நெற்றியோரத் தழும்பு வழுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் பெரும்பாலோருக்குப் புருவமும் போகும், சிலருக்குப் புருவம்தான் முதலில் போகும். நெற்றி பின்வாங்குவது தெரியாமல், "வயசாச்சு, புருவம் கொட்டுது" என்று மை தீட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவார்கள். மாநிறத்திலும் கருமையிலும் உள்ள நம் போன்றவர்களுக்கு இதோடு சேர்ந்து நெற்றியிலும் கன்னத்திலும் சாம்பல் கலந்த கருமை படர்வதுண்டு. அதை மங்கு என்று நினைத்து வெளுக்கும் கிரீம் போட்டுக்கொண்டிருப்பார்கள். இங்கே தாக்குதல் மயிர்க்காலின் மேற்பகுதியில், மூல அணுக்கள் இருக்கும் இடத்திலேயே நடக்கிறது. மயிர்க்கால் செத்து, அந்த இடம் தழும்பாகிவிடும். அப்புறம் எந்த ஊசியும் அதை எழுப்பாது.

ஆகவே நடுவதற்கு நியாயமான காரணம் இந்த நோயில்தான் இருக்கிறது. ஆனால் இங்கேயும் நட்டது நிலைப்பதில்லை. இந்த நோய் உள்ள 51 பேருக்கு முடி நட்டதைப் பல மையங்களிலிருந்து தொகுத்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. நட்ட முடியில் ஓராண்டு கழித்து 87 விழுக்காடு இருந்தது. இரண்டாம் ஆண்டில் 71, மூன்றாம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 41. முதல் ஆண்டு முடிவில் எடுத்த படம்தான் கிளினிக்கின் சுவரில் தொங்கும். ஐந்தாம் ஆண்டுப் படத்தை யாரும் மாட்டுவதில்லை. அந்த 41-ஐயும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்துகொண்டே காக்க வேண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டும், "ஐந்து வருஷம் கண்ணாடி பார்க்க முடிந்தால் போதும் டாக்டர்" என்று சொல்கிறவர்களுக்கு நட்டுக் கொடுப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அது அவர்களுடைய முகம், அவர்களுடைய கணக்கு.

டிஸ்காய்டு லூபஸ் என்ற தோல் நோய் புருவத்தில் வந்தால் அதுவும் தழும்புதான். நெற்றியில் வெட்டுக்காயம் போல நீளவாக்கில் தோல் இறுகும் மார்ஃபியாவும் புருவத்தைத் தொடலாம். இரண்டிலும் நோய் அடங்கிச் சில ஆண்டுகள் ஆனபின் நடலாம். தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் நெருக்கமாக நடாமல் இரண்டு தவணையாகச் செய்வது நல்லது. தைராய்டு குறைந்தாலும் புருவத்தின் வெளிப்பக்கம் மெலியும். புழுவெட்டு உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு சற்று அதிகமாகவே காணப்படுவதால், ஒரு டி.எஸ்.ஹெச். பரிசோதனை எப்படியும் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு நோயை நம் ஊரில் விடவே கூடாது. தொழுநோய். இது உடலின் எதிர்ப்பு சக்தி தவறித் தாக்கும் நோயல்ல, கிருமி நோய். ஆனால் முதலில் புருவத்தின் வெளிப்பாதி மெல்ல உதிர்வது இதிலும் உண்டு. ஆண்டுதோறும் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியாவில்தான். உடலில் எங்காவது உணர்ச்சி குறைந்த திட்டு, காது மடல் தடிப்பது, கை கால் மரத்துப்போவது ஆகியவற்றோடு புருவம் கொட்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து இலவசம், குணமாகும்.

சொல்லப்போனால் புருவம் நடும் கலையே பெரிதும் இந்த நோயாளிகளுக்காக வளர்ந்ததுதான். ஜப்பானில் 1939-இல் ஷோஜி ஒகுதா, தழும்பு விழுந்த இடங்களில் சின்னச் சின்ன வட்டமாகத் தோலோடு முடி எடுத்து நடுவதை எழுதினார். 1953-இல் அதே நாட்டின் ஃபுஜிதா, தொழுநோயால் புருவம் இழந்தவர்களுக்கு அதை மீட்டுக் கொடுத்ததைப் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும், தலைத்தோலின் ஒரு துண்டை அதன் ரத்தக் குழாயோடு சேர்த்து நெற்றித் தோலுக்கு அடியில் இறக்கிப் புருவமாக்கினார்கள். கை காலைச் சரிசெய்தபின்னும், புருவம் இல்லாத முகத்தைப் பார்த்தே ஊரார் நோயைக் கண்டுகொண்டு ஒதுக்கினார்கள் என்பதுதான் காரணம். இவர்களில் பலருக்கு முடி நின்றது. மருந்தால் கிருமி அடங்கிவிட்டதால், நட்டதைத் தின்ன உள்ளே யாரும் இல்லை. உங்கள் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இனி, அறுவை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பின்னாளில் தகுதியானால் கேள்வி கேட்க உதவும். மரத்துப்போகும் ஊசி போட்டு, பிடரியிலிருந்து ஒவ்வொரு மயிர்க்காலாகத் தோண்டி எடுக்கலாம், அல்லது ஒரு மெல்லிய பட்டையாக வெட்டி எடுத்துப் பிரிக்கலாம். தலையில் ஒரே துளையில் இரண்டு மூன்று முடி சேர்ந்திருந்தாலும் பரவாயில்லை. புருவத்தில் ஒற்றை முடிதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பொம்மைப் புருவம் போலக் கொத்துக்கொத்தாகத் தெரியும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 முதல் 350 வரை தேவைப்படும்.

எண்ணிக்கையைவிட முக்கியம் சாய்வு. புருவ முடி தோலோடு ஒட்டிப் படுத்திருக்கிறது, ஏறக்குறைய 10 முதல் 15 பாகைதான் எழும்பும். மூக்கின் பக்கத்தில் மேல்நோக்கியும், நடுவில் காதைப் பார்த்துச் சாய்ந்தும் இருக்கும். மேல் வரிசை கீழ்நோக்கியும் கீழ் வரிசை மேல்நோக்கியும் வந்து நடுவில் கூடும். முடியின் இயற்கையான வளைவையும் பார்த்து, அது தோலின் பக்கம் வளையும்படி வைக்க வேண்டும். இதில் தவறினால் முடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். தலையில் ஆயிரக்கணக்கில் நட்டுத் தேர்ந்த கைகூட புருவத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நட்ட இரண்டாம் மூன்றாம் நாளில் கண்ணைச் சுற்றி வீக்கம் வரும், பயப்பட வேண்டாம். ஒரு வாரத்தில் பொருக்கு உதிரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் நட்ட முடியும் கொட்டும், இதுவும் இயல்பே. மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முழு வடிவம் வர ஓராண்டு ஆகும். அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: அது தலைமுடி. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. தலை நரைக்கும்போது அதுவும் நரைக்கும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது என்ன? முதலில், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் ஒருமுறை சரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் புள்ளிகள், நுனி தடித்து அடி மெலிந்த குட்டை முடிகள் தெரிந்தால் புழுவெட்டு, அதுவும் நடந்துகொண்டிருக்கும் புழுவெட்டு. மயிர்க்கால் துளையே காணவில்லை என்றால் தழும்பு நோய், திசுப் பரிசோதனை தேவைப்படலாம்.

ஊசி என்றால் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டுதான், புருவத்துக்கு ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் என்ற நீர்த்த அளவில், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. தலைக்குப் போடும் செறிவில் இங்கே போட்டால் தோல் குழிந்துவிடும். கண்ணுக்குப் பக்கம் என்பதால் கைப்பழக்கம் உள்ளவர்தான் போட வேண்டும். கூடவே மினாக்சிடில் தடவலாம், ஆனால் அது நோயை அடக்காது, வருகிற முடிக்குக் கொஞ்சம் ஊக்கம் தரும். சின்ன வெங்காயச் சாறு பற்றிக் கட்டாயம் யாராவது சொல்லியிருப்பார்கள். 2002-இல் பாக்தாதில் தலைப் புழுவெட்டுக்கு வெங்காயச் சாறு போட்டு ஒரு சின்ன ஆய்வும் வந்தது உண்மைதான். ஆனால் சின்னத் திட்டுகள் தாமாகவே வளரும் நோய் இது, பாராட்டு கடைசியாகத் தடவியதற்குப் போய்விடும். கண் பக்கத்தில் வெங்காயம் வேண்டாமே.

ஊசியை விட்டதும் திரும்பிவிடுகிறது என்றால் அடுத்துப் பேச வேண்டியது, எதிர்ப்பு அணுக்களுக்குள் சமிக்ஞை கடத்தும் ஜாக் (JAK) என்ற நொதியைத் தடுக்கும் மாத்திரைகளைப் பற்றி. 2014-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோவின் குழு, டி அணுக்களின் இந்தத் தாக்குதல் எந்தச் சமிக்ஞைப் பாதை வழியாக நடக்கிறது என்று காட்டி அதற்குக் கதவு திறந்தது. அவருக்கே புழுவெட்டு வந்திருக்கிறது என்பது கூடுதல் செய்தி. 2022-இல் பாரிசிட்டினிப், 2023-இல் ரிட்லெசிட்டினிப் என்று அமெரிக்காவில் கடுமையான புழுவெட்டுக்கு அனுமதி பெற்றன. பாரிசிட்டினிப் ஆய்வுகளில் தலைமுடி பாதிக்கு மேல் போனவர்களைச் சேர்த்தார்கள். 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் 36 வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோருக்குத் தலையில் 80 விழுக்காடு முடியாவது இருந்தது. அவற்றில் புருவத்தையும் தனியாக மதிப்பிட்டார்கள், அங்கும் பலருக்கு வந்தது. நம் நாட்டில் அதே வகையைச் சேர்ந்த டோஃபாசிட்டினிப் மலிவாகக் கிடைப்பதால் அதைத்தான் அதிகம் எழுதுகிறோம்.

இவை விளையாட்டு மாத்திரைகள் அல்ல. கடும் தொற்று, ரத்தக் கட்டி, இதய நோய், புற்றுநோய் பற்றிய எச்சரிக்கை பெட்டி கட்டி அச்சிடப்பட்டிருக்கிறது. நம் ஊரில் மறைந்திருக்கும் காசநோயைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமிகள், ரத்த அணுக்கள், கொழுப்பு இவற்றையும் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடி போகும். புருவத்துக்காக மட்டும் இவ்வளவு ஆபத்தை ஏற்கலாமா என்பது நியாயமான கேள்வி. தலையில் திட்டே இல்லாதவருக்கு நான் தயங்குவேன். புருவமும் இமையும் தலையும் சேர்ந்து போகிறவருக்குத் தயங்க மாட்டேன்.

இதற்கிடையில் முகம் வேண்டுமே என்றால், மைக்ரோபிளேடிங் என்று கோடுகோடாக நிறம் ஏற்றுவது உங்கள் நோய்க்கு நடுவதைவிடப் பொருத்தம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மங்கும், அதுவே அதன் நல்ல குணம். அதற்குள் முடி வந்துவிட்டால் நஷ்டமில்லை. அடர் கறுப்பு கேட்காதீர்கள், நாளடைவில் நீலம் பாயும். கருமை கலந்த பழுப்பு நம் தோலுக்கு ஒத்துவரும். ஊசி புதிதாகப் பிரிக்கப்படுவதைக் கண்ணால் பாருங்கள். தழும்பு வகை நோய் உள்ளவர்கள் நோய் அடங்கிய பிறகே செய்ய வேண்டும், கீறிய இடத்தில் நோய் கிளம்பும் வாய்ப்பு உண்டு.

கடைசியாக அந்த கிளினிக். முடி நடுவது யார் செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ அறுவை மருத்துவரோதான் பொறுப்பு. 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே தலையில் முடி நட்டுக்கொள்ளப் போய் இறந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும், அதனால் மயக்க மருந்தை யார் கொடுக்கிறார், அவசர வசதி உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். துளை போடுவது மருத்துவரா உதவியாளரா என்று கேளுங்கள். புழுவெட்டு நோயாளிக்கு நட்டு மூன்றாண்டு ஆன படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நோய் திரும்பினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு ஊசி நின்றதும் கொட்டுகிறது என்ற விவரத்தைக் கேட்ட பிறகும் தேதி குறிக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கட்டியிருந்தால், இந்த மூன்று ஆண்டு ஊசிச் சீட்டுகளை இணைத்து, நோய் செயல்பாட்டில் இருப்பதால் சிகிச்சையைத் தள்ளிவைக்கிறேன் என்று எழுத்தில் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.